கிளைமேல் நிற்பவருக்கு ஏற்ற ரம்பம்: சில்கி சுபாட் 330

மரம் ஏறிக் கிளை கழிப்பதுதான் என் தொழில். பட்டுக்கோட்டை, மன்னார்குடி, பேராவூரணி சுற்றுவட்டாரத்தில் ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த புளி, பள்ளிக்கூட வாசலில் பாதி காய்ந்த தூங்குமூஞ்சி, கிணற்றடி மா என்று யார் கூப்பிட்டாலும் போவேன். இதற்கு முன் சில வருஷம் சிங்கப்பூரில் இதே வேலை. அங்கே சாலையோரம் குடை விரித்து நிற்பதில் நிறைய நம்மூர்த் தூங்குமூஞ்சிதான் என்பதால் மரம் புதிதாகத் தெரியவில்லை. இடுப்பில் தொங்கிய சாமான்கள்தான் புதிது. அதில் நான் ஊருக்கும் கொண்டுவந்து, இன்றும் தினமும் கையில் எடுப்பது ஒரு ஜப்பான் கைரம்பம். கீழே நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் "அண்ணே, அது என்ன ரம்பம், இப்படிப் போகுது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பெயர் சில்கி சுபாட். ஜப்பானில் ஹியோகோ மாகாணத்து ஓனோ நகரில் உள்ள யூ.எம். கோக்யோ என்ற கம்பெனியின் தயாரிப்பு. என்னிடம் இருப்பது 330 மில்லிமீட்டர் அளவு, அதாவது ஒரு முழத்துக்கும் குறைவான அலகு. அலகு லேசாக உள்பக்கம் வளைந்திருக்கும். கைப்பிடியில் ரப்பர் போர்த்தியிருப்பதால் வியர்த்த கையிலும் வழுக்காது. பிளாஸ்டிக் உறையோடு சேர்த்தாலும் ஒரு அருவாளைவிடக் கனம் குறைவு. மடக்குவது கிடையாது, உறையில் செருகுவது, உருவுவது, அவ்வளவுதான். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மடக்கு ரம்பத்தைத் திறக்க இன்னொரு கை வேண்டும். மரத்தில் அந்த இன்னொரு கை கிடைக்காது.

முக்கியமான சங்கதி பல்லில் இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரணக் கைரம்பம் தள்ளும்போது அறுக்கும். தள்ளினால் வளையாமல் இருக்க அலகு தடிமனாக இருந்தாக வேண்டும். அலகு தடித்தால் அறுக்கிற கால்வாயும் அகலும், உழைப்பும் கூடும். இது இழுக்கும்போது அறுக்கிற ரம்பம். இழுத்தால் எதுவும் தானாக நேராகும் என்பதால் அலகை மெலிதாக வைக்க முடிகிறது. சாதாரண ரம்பத்தில் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடது வலமாக மடக்கி விட்டிருப்பார்கள். அப்போதுதான் அலகு மரத்தில் சிக்காது. இதில் அப்படி மடக்குவதில்லை. பல்லிருக்கும் ஓரத்தைவிட முதுகுப் பக்கத்தை மெலிதாகத் தேய்த்திருக்கிறார்கள். அதனால் அறுத்த முகம் இழைப்புளி போட்ட பலகை போல வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பு மரத்துக்கு எவ்வளவு வேண்டியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று அந்த வளைவு. மரத்தில் தொங்கிக்கொண்டு அறுக்கும்போது ரம்பத்தின் மேல் உடம்பைப் போட்டு அழுத்த முடியாது, கால் எங்கோ கவையில் இருக்கும். வளைந்த அலகை இழுத்தால் அது தானே மரத்துக்குள் கடித்துக்கொண்டு இறங்கும். தலைக்கு மேல் இருக்கிற கிளையை அறுக்கும்போது இதன் அருமை தெரியும். ஆனால் இடுப்புக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் அறுக்க நேர்ந்தால் இதே வளைவு இடைஞ்சல். அதற்கு நேர் அலகு உள்ள ரம்பம் நல்லது, அதே கம்பெனியில் கொம்தாரோ என்று இருக்கிறது. தரையில் நின்று வேலி ஓரம் கழிப்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

சரி, மரத்துக்கு மரம் எப்படி என்று கேட்பீர்கள்.

தூங்குமூஞ்சி இதற்கு அல்வா. பச்சை மரம் மெது, மணிக்கட்டுத் தடிமன் கிளை பத்துப் பதினைந்து இழுப்பில் வந்துவிடும். பூவரசும் அப்படித்தான். வேம்பு கொஞ்சம் இறுக்கம், ஆனால் சுத்தமாகப் போகும். புளியில் இளங்கிளை பரவாயில்லை, வைரம் பாய்ந்த கிளையாக இருந்தால் தோள் பேசும். அதுவும் காய்ந்த புளி என்றால் ரம்பத்தை உறையில் போட்டுவிட்டு மிஷின் ரம்பத்தைக் கூப்பிட வேண்டியதுதான். மா மரம் அறுக்க எளிது, பால்தான் தொல்லை. பல்லில் ஒட்டிக்கொண்டு கறுப்பாக உறைந்துவிடும், தோலில் பட்டால் புண். முருங்கைக்கு ரம்பமே தேவையில்லை என்று நினைப்பார்கள், கையால் ஒடித்தாலே வருகிறதே என்று. ஒடித்தால் தண்டுவரை தோல் உரிந்துகொண்டு வரும். அறுத்துப் பாருங்கள், அடுத்த துளிர் எவ்வளவு ஒழுங்காக வருகிறது என்று தெரியும்.

தென்னைக்கும் இதற்கும் ஆகாது. மட்டையின் நார் பல்லுக்குள் சிக்கி நாலு இழுப்புக்கு ஒருமுறை நிறுத்திச் சுத்தம் பண்ண வேண்டியிருக்கும். தென்னைக்கு நம் அருவாளே போதும், அதைவிடச் சிறந்த சாமான் இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம். மூங்கிலுக்கும் இந்தப் பெரிய பல் வேண்டாம். கடைசி நூலில் சிலாம்பு பிய்த்துக்கொண்டு வரும். அதற்குப் பொடிப்பல் அலகு தனியாக இருக்கிறது. சீமைக்கருவேலை இதால் அறுக்கலாம், நன்றாகவே போகும், ஆனால் முள்ளுக்குள் கையை விட்டுக்கொண்டு குறுகிய ரம்பத்தோடு நிற்பது யாருக்கும் வேண்டாம்.

இப்போது அந்த வழவழப்பு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது எங்கள் பக்கத்தில் விழுந்த தென்னையையும் மாவையும் பற்றித் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். விழாமல் நின்ற மரங்களுக்கு என்ன ஆனது என்பதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பயந்துபோன ஜனங்கள் வீட்டோரம் நின்ற மரத்தையெல்லாம் பாதி உயரத்தில் மொட்டையடித்தார்கள். பயம் நியாயம்தான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மொட்டையடித்த இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர் கிளம்பும். அந்தத் துளிர் சாதாரணக் கிளை மாதிரி தண்டின் உள்ளிருந்து வேரூன்றி வந்ததல்ல. பட்டைக்கு அடியிலிருந்து வந்து மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பது. ஏழெட்டு வருஷத்தில் அது தொடை தடிமன் ஆகிவிட்டது, அடியில் வெட்டுவாய் அழுகிக்கொண்டிருக்கிறது. எனக்கு இப்போது வரும் வேலையில் நிறைய இதுதான்: நின்ற மரத்தை அடுத்த புயலுக்கு முன் ஒழுங்குபடுத்துவது. கொத்தில் நல்லதாக ஒன்றிரண்டை விட்டு, மற்றதை நெருக்கமான இடுக்குக்குள் அலகை நுழைத்து, பக்கத்துக் கிளையின் பட்டையில் கீறல் விழாமல் எடுக்க வேண்டும். மிஷின் ரம்பத்தின் அகலமான கத்தி அந்த இடுக்கில் போகாது. அருவாளை ஓங்க இடமே இருக்காது.

கிளை தண்டோடு சேரும் இடத்தில் லேசாகப் புடைத்த மாதிரி ஒரு வளையம் இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். அந்த வளையத்தை விட்டுவிட்டு அதற்கு வெளியே அறுத்தால்தான் மரம் காயத்தைச் சுற்றிலுமிருந்து மூடும். அமெரிக்க வனத்துறையில் ஆராய்ச்சியாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர், மரங்களைச் செயின் சாவால் நெடுக்காகப் பிளந்து பார்த்து 1970, 80-களில் இதைப் பாடமாக்கினார். மரம் நம் தோல் மாதிரி புண்ணை ஆற்றுவதில்லையாம்; அழுகல் உள்ளே போகாமல் சுவர் எழுப்பி அடைத்துக்கொள்கிறது. தண்டோடு ஒட்டச் சீவினால் அந்தச் சுவர் எழும்பும் இடத்தையே வெட்டி எறிந்ததாக ஆகிறது. கிளையில் கொஞ்சம் மிச்சம் வைத்து, முட்டு விட்டு வெட்டினால் அந்த முட்டு காய்ந்து அழுகி, தண்ணீர் உள்ளே இறங்க வழி கொடுக்கும். அருவாளால் வெட்டினால் பெரும்பாலும் முட்டு, மிஷினால் அவசரத்தில் அறுத்தால் பெரும்பாலும் ஒட்டச் சீவல். கைரம்பத்தில்தான் வளையத்தைப் பார்த்து, சாய்வைப் பார்த்து, அலகை வைத்து, சரியில்லை என்றால் எடுத்து மறுபடி வைக்க முடிகிறது. சிங்கப்பூரில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் முதல் நாள் சொன்னதும் இந்த வளையம்தான்.

கனமான கிளை என்றால் ஒரே வெட்டில் எடுக்கக் கூடாது. முதலில் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு. அப்புறம் இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளி மேலிருந்து. கிளை விழுந்துவிடும், பட்டை உரியாது. மிஞ்சின முட்டுத் துண்டைக் கடைசியில் வளையத்துக்கு வெளியே எடுப்பது. அடியிலிருந்து அறுக்கும்போது ரம்பத்தைத் தலைகீழாகப் பிடித்து மேல்நோக்கி இழுக்க வேண்டும், இதில் சுபாட்டின் வளைவு நன்றாக ஒத்துழைக்கும். அடி வெட்டு ஆழமாகப் போனால் கிளையின் பாரம் அலகைக் கவ்விக்கொள்ளும். கவ்விய ரம்பத்தைத் தள்ளியும் முறுக்கியும் பிடுங்கினால் அலகு வளைந்துவிடும், அல்லது பல் போய்விடும். மெல்லிய அலகின் விலை அது. கிளையை மேல் பக்கம் தூக்கிப் பிடித்து மெதுவாக உருவ வேண்டும்.

மிஷின் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் தரையில் நிற்பவர்கள். என்னிடமும் செயின் சா இருக்கிறது, தடித்த தண்டுக்கு அதில்லாமல் முடியாது. ஆனால் மரத்தின் மேல் அதை இரண்டு கையாலும் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். இரண்டு கையையும் விட வேண்டுமானால் உடம்பு கயிற்றில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். கத்தியின் நுனி மேல்பகுதி ஏதாவது கிளையில் பட்டால் மிஷின் கண்மூடித் திறப்பதற்குள் முகத்தை நோக்கி எகிறும். நம் பக்கத்தில் லுங்கியைத் தூக்கிக் கட்டி, இடுப்பில் ஒற்றைக் கயிறு, கையில் மிஷின் என்று ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். நான் சொல்வது, மேலே செய்கிற வேலையில் பாதிக்கு மேல் மணிக்கட்டு அளவுக் கிளைதான். அதற்குக் கைரம்பம் மிஷினுக்குப் பின்தங்குவதே இல்லை. மிஷினைக் கயிற்றில் மேலே இழுத்து, ஸ்டார்ட் பண்ணி, அறுத்து, அணைத்துத் தொங்கவிடுவதற்குள் இதால் மூன்று கிளை போய்விடும்.

கதண்டு, அதாவது பெரிய விஷக் குளவி விஷயத்தையும் சொல்ல வேண்டும். டெல்டாக்காரர்களுக்குக் கதண்டு என்றால் விளக்க வேண்டியதில்லை. கூடு இருக்கிற மரத்தில் அருவாளால் ஒரு போடு போட்டால் மரம் முழுக்க அதிரும், அப்புறம் இறங்க நேரம் இருக்காது. மிஷினின் சத்தமும் அதிர்வும் அதைவிட மோசம். கைரம்பம் மரத்தை அதிர வைக்காது. அதற்காகக் கதண்டு இருக்கிற மரத்தில் ரம்பத்தோடு ஏறலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கூடு கண்ணில் பட்டால் இறங்கி வந்து தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுவதுதான் முறை. பார்க்காமல் விட்ட கூட்டுக்குத்தான் இந்த அமைதி உதவும். முசுறு எறும்புக்கு எந்த ரம்பமும் உதவாது, மா மரத்தில் அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

ஆபத்து இதிலும் உண்டு. கையால் அறுப்பதுதானே என்று அலட்சியம் வரும். இழுத்துக் கட்டின கயிற்றில் இந்தப் பல் ஒரு தரம் பட்டால் போதும், கயிறு இருந்த இடம் தெரியாது. உங்களைத் தாங்குவது அந்தக் கயிறாக இருந்தால் யோசித்துப் பாருங்கள். அதனால் அறுக்கும்போது ஏறின கயிறு போக, இடுப்பிலிருந்து தண்டைச் சுற்றி இரண்டாவது கட்டு ஒன்று கட்டாயம். உள்ளே எஃகுக் கம்பி வைத்த வார் கிடைத்தால் இன்னும் நல்லது. கிளையைப் பிடித்திருக்கும் இடது கைக்குத்தான் வெட்டு அதிகம் விழும். கடைசி இழுப்பில் ரம்பம் துள்ளி வெளியே வரும் வழியில் அந்தக் கை இருக்கும். அந்தக் கைக்காவது நல்ல கையுறை போடுங்கள். மின்கம்பி பக்கம் போகிற கிளை என்றால் இதன் அலகு முழுக்க இரும்பு என்பதை மறக்கக் கூடாது. மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் நான் அந்த மரத்தில் கால் வைப்பதில்லை; வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

பராமரிப்பு சுலபம். சாயங்காலம் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பிசினைத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி உறையில் போட்டுவிடுவேன். அலகில் குரோம் பூச்சு இருப்பதால் சட்டென்று துரு ஏறாது. ஈரத்தோடு உறையில் போட்டு வைத்தால் எதுவும் துருப்பிடிக்கும், இதுவும்தான். பல்லை நுனியில் மட்டும் சூடேற்றிக் கடினமாக்கியிருக்கிறார்கள், அதனால் கூர் நெடுநாள் நிற்கும். அதன் மறுபக்கம், கூர் போய்விட்டால் நம் பட்டறையில் அரம் போட்டுத் தீட்ட முடியாது, சாதாரண அரம் அதன் மேல் வழுக்கும். போல்ட்டைக் கழற்றி அலகை மாற்ற வேண்டியதுதான். கொல்லரிடம் கொடுத்தால் ஒரு அருவாள் தலைமுறைக்கு உழைக்கும். இதில் அந்த நீடிப்பு கிடையாது, பழைய அலகைத் தூக்கி எறியும்போது எனக்கு மனசு ஒப்புவதில்லை. ஆணி அடித்த மரம்தான் இதற்கு எமன். நம்மூரில் வேப்ப மரத்தில் விளம்பரத் தகரம் அடிக்காத தெரு உண்டா? ஒரு ஆணியில் நாலு பல் போகும். அறுக்கும் முன் பட்டையைக் கையால் தடவிப் பார்ப்பது என் வழக்கம்.

விலைதான் யோசிக்க வைக்கும். இங்கே ஐயாயிரத்துக்குக் குறைந்து நல்ல சரக்கு என் கண்ணில் படவில்லை. மாற்று அலகே அதில் பாதிக்கு மேல் ஆகிறது. பக்கத்து டவுனில் கேட்டால் கிடைக்காது, ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். அங்கே போலியும் உலவுகிறது. ஒரு விற்பனையாளரிடம் நான் வாங்கின மாற்று அலகில் எழுத்தெல்லாம் அச்சு அசலாக இருந்தது, பல் மட்டும் தகரம். திருப்பி அனுப்பி ஒரு மாசம் மல்லுக்கட்டித்தான் பணம் வந்தது. அசல் அலகில் பல்லின் ஓரம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தீட்டப்பட்டிருக்கும், விரல் நகத்தை மெதுவாக வைத்தாலே சுரண்டும். போலியில் வெறுமனே குத்தி வெட்டின ஓரம்தான்.

வீட்டுத் தோட்டத்தில் வருஷத்துக்கு ஒருமுறை கொய்யா, எலுமிச்சை கவாத்து பண்ணுபவருக்கு இது தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மடக்கு ரம்பம், இழுத்து அறுக்கிற பல் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் போதும். பச்சைக் கிளையை நன்றாகவே அறுக்கும். காய்ந்த கிளையில்தான் மூச்சு வாங்கும். ஆட்டுக்குக் குழை ஒடிப்பவருக்குத் தொரட்டி இருக்கிறது. விறகுக்கு அறுப்பவருக்கு மிஷின் இருக்கிறது. கிளைமேல் நின்று கூலி வாங்குகிறவர் யோசிக்காமல் வாங்கலாம். இரண்டு மூன்று நாள் கூலி போய்விடும், ஆனால் தோள் மிஞ்சும். சிங்கப்பூரில் வெயிலையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெயில் அழுத்தக் குறியீடு 32 டிகிரியைத் தொட்டால் கடும் வேலைக்கு மணிக்குப் பத்து நிமிஷமாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் விதி கொண்டுவந்தார்கள். இங்கே அப்படிச் சொல்ல ஆளில்லை, விடியலில் ஏறிப் பதினோரு மணிக்கு இறங்குவது நானே வைத்துக்கொண்ட விதி. அந்த நேரத்துக்குள் வேலை முடிவதற்கு இந்த ரம்பமும் ஒரு காரணம்.

வாங்குவதாக இருந்தால் 330 அளவே எடுங்கள். 390 நீளம் பார்க்க ஆசையாக இருக்கும், இழுக்கிற தூரம் கூடும்தான், ஆனால் நெருக்கமான கவைக்குள் நுனி போய் எதையாவது குத்திக்கொண்டே இருக்கும். உறையை இடுப்பில் கட்டினால் ஏறும்போது கிளையில் மாட்டுகிறது. கெண்டைக்காலில் கட்டிக்கொள்ள வார் தனியாக விற்கிறார்கள், அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அலகு ஒன்று உபரியாகக் கையில் இருக்கட்டும், ஐப்பசி மழைக்கு முந்தின மாசத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், அப்போது ஆர்டர் போட்டுக் காத்திருக்க முடியாது.